கோட்டக்குப்பம் பொத்தான்

திண்டிவனம் பஸ் நிலையத்தில் புதிதாக மாவட்ட வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் அந்த ஊரில் குட்டி பல்பு எரியும். போகிற ஊரை யாரும் அழுத்தவில்லை. எல்லாரும் சொந்த ஊரைத்தான் எரியவிட்டுப் பார்த்தார்கள்.

சபியா பீவியும் கோட்டக்குப்பத்தை அழுத்தினாள். ஊர் எரிந்தது. கூடவே, நீலம் பூசிய கடலுக்குள்ளும் ஒரு வெளிச்சம்.

"இது என்னங்க?" என்றாள், பலகையை மாட்டிய சுப்பராயலுவிடம்.

"கடல்ல நான் பல்பே போடலியேம்மா. வெறும் தகரம்."

கப்பல் வேலைக்குப் போன அவள் கணவன் காஜா மொய்தீனிடமிருந்து ரம்ஜானுக்குப் பிறகு தகவலே இல்லை.

அதை அவள் சொல்லச் சொல்ல, வெளிச்சம் மயிரிழை அளவு கரைப்பக்கம் நகர்ந்தது.

"அழுத்திக்கினே இருங்கம்மா, கைய எடுத்துடாதீங்க" என்றார் சுப்பராயலு, தாழ்ந்த குரலில்.

விழுப்புரம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. வரைபடத்தைச் சுற்றி நின்றவர்களில் ஒருவரும் ஏறவில்லை.