வாயசைப்பு

"இன்னைக்கும் சுதி போச்சு. இன்னைக்கும் நீங்கதான்," என்றார் பல் டாக்டர்.

ஆராதனை முடிந்து, பாடகர் குழு அறையில் அங்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். குழுவுக்கு அவர்தான் தலைவர். வாரமெல்லாம் ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர், போன ஞாயிற்றுக்கிழமை என்னை மட்டும் மூடச் சொல்லியிருந்தார். பின்வரிசையில் நின்று வாயை அசைத்தால் போதுமாம், சத்தம் வரக் கூடாதாம்.

நான் கரண்ட் வேலை பார்க்கிறவன். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுப் பரணில் தவழ்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பின்வரிசையில் நின்று வயிறு குலுங்கப் பாடுவதுதான் எனக்கு உயிர். அதையும் விட்டுக்கொடுத்து, அன்று காலை முழுக்க மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அப்படியும் மூன்றாவது சரணத்தில், மேலே ஏறும் இடத்தில், சுதி கழன்று எங்கோ போனது. முன்பெஞ்சில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. டாக்டர் திரும்பி என்னைத்தான் முறைத்தார்.

பொய்யாகக் குற்றம் சாட்டியபோது ஆண்டவரே வாயைத் திறக்கவில்லை. நான் எம்மாத்திரம்? தலையைக் குனிந்துகொண்டு அங்கியை மடித்தேன்.

என் மனைவி அப்படி விடுகிற ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வராந்தாவில் நடந்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து வாயைப் பொத்திக்கொள்ளும்.

"நான் இவருக்கு முன்னாடிதான் நின்னேன். மூச்சு விட்ட சத்தம்கூட கேக்கல. யார் மேல பழி போடறீங்க? ஒவ்வொருத்தரா தனியா பாடட்டும், யாருன்னு தெரிஞ்சிரும். நானே முதல்ல பாடறேன்!"

எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவள் தொண்டையைச் செருமினாள்.

ஒரே பாய்ச்சலில் டாக்டர் முன்னால் போய்க் கைகூப்பினேன். சுதி போனதற்கு மன்னிக்கச் சொன்னேன். இனிமேல் குழுவில் நிற்கவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை, மன்னிப்புத்தான் கேட்டேன்.

எனக்கு முதுகெலும்பை வைக்க ஆண்டவர் மறந்துவிட்டார் என்று அத்தனை பேர் முன்னாலும் அறிவித்துவிட்டு, மனைவி கதவை அறைந்துகொண்டு போனாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

டாக்டர் மெதுவாகக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க சுதி சுத்தம்னு எனக்குத் தெரியாதா அண்ணே? சுதி போறது அவங்களுக்குத்தான்னு டீச்சர்கிட்ட போய் யார் சொல்றது? நீங்கன்னா பொறுத்துக்குவீங்கன்னுதான்..."

எனக்கும் தெரியும். கல்யாணமான மறுநாள், குளியலறையிலிருந்து வந்த முதல் பாட்டிலேயே தெரியும். இத்தனை வருஷமாக மூச்சுக் காட்டவில்லை. பாடும்போது மட்டும் அவள் முகத்தில் டீச்சர் இருக்க மாட்டாள். அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் இந்த மனுஷர் தெரிந்தே செய்திருக்கிறார்!

தெரியாமல் பழி போட்டவரை மன்னிப்பது சுலபமாகத்தான் இருந்தது. இப்போது கை பரபரத்தது. பல் டாக்டரே ஒரு பல் டாக்டரைத் தேடி ஓட வேண்டியிருக்கும். கண்ணை இறுக மூடி ஆண்டவரைக் கூப்பிட்டேன்.

திறந்தபோது டாக்டரின் நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னொண்ணு இருக்கு அண்ணே. அடுத்த வாரம் தனிப்பாட்டு தாங்கன்னு டீச்சர் கேட்டாங்க. பயத்துல சரின்னு சொல்லிட்டேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம், அவர் தோளில் கை வைத்தேன். அங்கிகளுக்கு நடுவே இருவரும் முழங்காலிட்டோம்.

டாக்டர் சபையாரின் காதுகளுக்காக ஜெபித்தார். அவள் பாடி முடிக்கும்வரை யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று நான் ஜெபித்தேன்.