வெயிலில் செத்த மீன்

கழிமுகத் தண்ணீர், கண்ணுகளா, பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் அசையாமல் கிடக்கிறது; மேலெல்லாம் வெள்ளை வயிறு காட்டும் மீன்கள். உரக் கம்பெனிக் குழாய் இன்னும் கொடகொடவென்று கழிவைத் துப்புகிறது. பார்க்க வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டே, "வெயில் ஜாஸ்திம்மா, அதான் செத்துப்போச்சு" என்கிறார். அங்கே மீன் பிடித்துப் பிழைக்கும் வலைக்காரி பாசிக்குள் இறங்கி, சினை முட்டிய மடவை மீன் ஒன்றை அள்ளி வருகிறாள். அடுத்த வருஷத்துச் சோறு அத்தனையும் அந்த வயிற்றுக்குள்தான். "ஏய், வம்பு வேணாம்டி, நாளைக்கும் இவர்கிட்டதான் போய் நிக்கணும்" என்று புருஷன் கெஞ்சுகிறான். அவளோ அதிகாரியின் கார்க் கதவைத் திறந்து, வெள்ளை உறை போட்ட இருக்கையில் மீனைக் கிடத்துகிறாள். "ஏசி ஓடுதுல்ல சார்? கொஞ்ச நேரம் குளிரட்டும். எந்திரிச்சு துள்ளுச்சுன்னா, வெயில்தான்னு எழுதிக்கங்க." மீன் வாயிலிருந்து வழியும் பச்சை, வெள்ளை உறையில் மெல்லப் படர்கிறது.