வலது காது

வீட்டைவிட்டுப் போன நர்மதாவின் பெற்றோரை உள்ளூர்த் தொலைக்காட்சியின் நேரலையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒலி மிக்சரில் இடம், வலம் என இரு பக்கமுள்ள ஒரு ஸ்டீரியோ இன்புட்தான் காலியாக இருந்ததால், கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் ஒலியைக் கவனித்த பிரிட்டோ அப்பாவின் மைக்கை அதன் இடப்பக்கமும் அம்மாவின் மைக்கை வலப்பக்கமும் செருகியிருந்தான். இருவருக்கும் சேர்த்து ஒரே குமிழ்; முழுக்கத் திருப்பினால் அந்தப் பக்கத்துக் குரல் மட்டும் நிற்கும். ஹெட்போனில் காதுக்கு ஒருவர்.

“எங்க இருந்தாலும் வந்துரும்மா, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்று இடது காதில் அவர் விடாமல் அழுதார். வலது காதில் மூச்சோடு மூச்சாக, “வந்துராதடி. கொன்னுபோட்டுருவாங்க.”

டிவி பார்க்கும் வீடுகளில் அந்த அழுகை இந்த முணுமுணுப்பை மூடிவிடும். குமிழை வலப்பக்கம் திருப்பினால் அந்த அம்மாவின் குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் அவர் இந்த மனிதரோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும். விரல் குமிழின் மேலேயே நின்றது.

பின்னால் நின்ற நர்மதாவின் சித்தப்பா கையை நீட்டினார். “அண்ணன் பேசுறது சரியா வருதான்னு பாக்கணும். அதக் குடுங்க தம்பி.”

பிரிட்டோ குமிழை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தான்.

“ஒரு காதுலதான கேக்குது?”

“அவ்வளவுதாண்ணே வரும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.