வாருக்கு எண்ணெய்

"தப்பித் தவறிக்கூட தேங்கா எண்ணெய் போட்டுராதீங்கக்கா" என்றார் லூர்துசாமி, சவரக் கத்தி தீட்டும் தோல் வாரைப் புரட்டிப் பார்த்தபடி.

"போட்டா என்னாகும்?" என்றாள் மில்ட்ரெட்.

கசார்வாடியில் தோல் பை, பெல்ட் தைக்கிற கடை லூர்துசாமியுடையது. வார், மில்ட்ரெட்டின் கணவர் லியோனார்டுடையது. ஆகுர்டி ஃபேக்டரியில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு மடக்குக் கத்தியில்தான் சவரம். ஊரே பிளேடுக்கும் மெஷினுக்கும் மாறியும் மனிதர் அசையவில்லை. கத்தியை வாரில் தீட்டி, புறங்கை முடியில் வைத்துப் பார்ப்பார். முடி அறுபடாவிட்டால் சோப்பையே குழைக்க மாட்டார்.

இப்போது வார் வறண்டு சொரசொரத்து, கத்தி கூர் பிடிக்கவில்லை. இது போனால் வேறு கிடைக்காது, சலூன்காரனிடம்தான் முகத்தைக் கொடுக்க வேண்டும் என்று காலையிலிருந்து புலம்பித் தீர்த்து, மில்ட்ரெட்டை அனுப்பியிருந்தார்.

லூர்துசாமி பொறுமையாகச் சொன்னார். உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாலே கைச்சூட்டில் தோல் இளகிவிடும். அப்படியும் வறட்சி போகாவிட்டால், தோலுக்கென்று விற்கிற எண்ணெயை விரலில் தொட்டு லேசாகத் தடவலாம். அதற்கு மேல் கூடவே கூடாது.

"எண்ணெய் ஜாஸ்தியாச்சுன்னா வார் தொளதொளத்துரும்க்கா. அப்புறம் எவ்ளோ தீட்டினாலும் கத்தி மழுங்கத்தான் செய்யும். யாராலயும் சரி பண்ண முடியாது."

"யாராலயும்?"

"ம்ஹூம். ஏக்தம் வேஸ்ட்."

மில்ட்ரெட் விடவில்லை. தோல் எவ்வளவு எண்ணெய் தாங்கும், எவ்வளவு நேரம் ஊறினால் கெடும் என்று துருவித் துருவிக் கேட்டாள். புருஷன் பொருள்மேல் இத்தனை அக்கறையா என்று லூர்துசாமி அசந்துபோனார். அண்ணன் கொடுத்து வைத்தவர் என்று மெச்சி, டீ வரவழைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், வார் பிழைக்குமா என்று ஹாலிலிருந்து லியோனார்ட் கேட்டார்.

"எண்ணெய் போடணுமாம். நானே போட்டுர்றேன், நீங்க டீயைக் குடிங்க."

டீயை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வாரைத் தட்டில் சுருட்டி வைத்து, தேங்காய் எண்ணெய் பாட்டிலை அப்படியே கவிழ்த்தாள். தோல் குடிக்கக் குடிக்க இன்னும் ஊற்றினாள். அவர் உயிரையே வைத்திருக்கிற பொருள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

ஹாலில் லியோனார்ட் கப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். வாய்க்குப் போவதற்குள் கை உதறி, பாதி டீ சட்டையில் சிந்தியது. போன ஞாயிறு சவரம் செய்தபோது கிழிந்த கழுத்தில், தையல் இன்னும் பிரிக்கவில்லை.