கட் சொன்ன பிறகு

"இது யாரோட குரல்னு சொல்லு."

கணவர் கம்ப்யூட்டர் திரையைச் சுட்டினார். அவர் எடிட்டர். தோள்பையைக்கூட இறக்காமல் எதிரில் நின்ற மனைவி, அவர் எடிட் செய்துகொண்டிருந்த படத்தின் டைரக்டர்.

"என் குரல்தான். இதென்ன கேள்வி?"

திரையில் ஹீரோ அழுது முடித்திருந்தான். அவள் குரல் 'கட்' சொன்னது. கேமரா நிற்கவில்லை. ஹீரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்கு இடப்பக்கம் பார்த்து முகமெல்லாம் சிரித்தான். அந்தப் பக்கமிருந்து அவள் குரல் குழைந்தது. "என் தங்கம்ல... பசிக்குதா? இன்னும் ஒரே ஒரு ஷாட்தான்."

எடிட்டர் டக்கென்று நிறுத்தினார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவையாவது தங்கம்னிருப்பியா? பித்தளைன்னுகூடச் சொன்னதில்ல."

எடிட்டர் படப்பிடிப்புப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. எடுத்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் வெட்ட மனசு வராதாம். அதனால் அங்கே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. இந்த அறைக்கு வந்து சேரும் காட்சிகள்தான் அவருக்குச் சாட்சி.

"ஒண்ணு ரெண்டு இல்ல, பாரு."

தனியாக வெட்டி வைத்திருந்த துண்டுகளை வரிசையாக ஓட்டினார். எல்லாவற்றிலும் அதே சிரிப்பு, அதே தங்கம். ஒன்றில், "படம் முடிஞ்சா உன்னைப் பார்க்காம எப்படி இருக்கப் போறேனோ" என்றுகூட இருந்தது.

"கட்டுக்கு முன்னாடி வர்றது நடிப்பு, கட்டுக்கு அப்புறம் முகத்துல வர்றதுதான் நிஜம்னு பேட்டியில சொன்னது நீதானே?"

"அதை என் வீட்டுக்காரர்கிட்டதான் கத்துக்கிட்டேன்னும் சொன்னேன். அது மட்டும் காதுல விழாதே."

"பேச்சை மாத்தாதே. கல்யாணம் ஆகாத பையன்னு ஊரே அவனைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. உனக்கும் அவனுக்கும் என்ன?"

"அவர் விஷயம் ஒண்ணு இருக்கு. வெளியே சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"புருஷன்கிட்டகூடவா?"

"யார்கிட்டயும்னா யார்கிட்டயும்தான்."

அவருக்கு வயிறு எரிந்தது.

"நெருப்பில்லாம புகையாது. இந்தப் படத்தை வேற ஆளை வெச்சு முடிச்சுக்கோ. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இனி திரும்பி வர்றதா இல்ல."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொண்ணையும் எங்க வெட்டினீங்க?"

"சிரிப்போட. அதுக்கு மேல அந்தக் கண்றாவியை எவன் பார்ப்பான்? எனக்கு வேணும்கிறது கிடைச்சாச்சு."

"வெட்டாததை எடுத்து, நிறுத்தாம ஓட விடுங்க. நான் வாயைத் திறக்கல, நீங்களா பார்த்துக்கிட்டதா இருக்கட்டும்."

முறைத்துக்கொண்டே ஓட விட்டார். ஹீரோ சிரித்தபடி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, கேமராவைத் தாண்டி இடப்பக்கம் போனான். எடிட்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மனைவியின் குரல் மட்டும் கேட்டது.

"அப்பாகிட்டப் போடா தங்கம். தூக்கித் தூக்கி அத்தைக்கு இடுப்பு ஒடியுது."