பூவலிங்கத்தின் விரல்

பூவலிங்கம் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. திதிக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்யத்தான் அவர் மனைவி செண்பகவல்லி சமையலறைச் சுவரில் புது மைக்ரோவேவ் பதிக்கச் சொன்னாள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார் என்று பதிவாகியிருந்ததால், பழைய பெட்டி வெல்லத்தைக் கண்டாலே தானாக அணைந்துவிடும். வேறு அடுப்பு வைக்க அந்தக் குடியிருப்பில் அனுமதி இல்லை.

பதிக்க வந்த ரஃபீக் புதுப் பெட்டியைச் சுவர்க் குழிக்குள் தள்ளித் திருகாணிகளை முடுக்கினான். அவள் அரிசியும் வெல்லமும் போட்ட பாத்திரத்தை உள்ளே வைத்தாள். "பூவலிங்கத்துக்கு இனிப்பு கூடாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டி அணைந்தது.

"பழைய பதிவு தானா வந்துருச்சுக்கா" என்றான் ரஃபீக். "நீக்கணும்னா சார் நேர்ல வந்து விரல் வைக்கணும்."

"அவரைக் கூப்பிடத்தான் தம்பி இந்தப் படையலே. வந்தார்னா உன் பெட்டியில விரலையும் வைக்கச் சொல்றேன்."

அவன் கருவிகளைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினான்.

"பத்து வருஷம் ஒரு வாய் கேட்டுக் கெஞ்சினார். பெட்டி சொல்லுதுன்னு நான் கொடுக்கலை. கடைசியில தண்ணி லாரி அடிச்சுத்தான் செத்தார். கழற்று இதை."

கழற்றினான். சுவரில் வாய் பிளந்து நின்ற குழிக்குள் அவள் வாழை இலையை விரித்தாள். ஊறிய அரிசியையும் வெல்லத்தையும் பச்சையாகவே அள்ளி வைத்தாள். பிறகு, இன்னொரு வெல்லக் கட்டியையும் உடைத்துப் போட்டாள்.