அரைக்கண்

தாவரவியல் தோன்றிய நாளிலிருந்து அவனைப் போல நடுநிலையாகச் சட்டம் வீசியவன் பிறக்கவில்லை.

அவனே சொல்லியிருக்கிறான். கேன்டீனில், யாரும் கேட்காமல்.

சட்டம் என்பது பிவிசி குழாயில் செய்த சதுரம். கண்ணை மூடி, நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வீச வேண்டும். அது விழுந்த இடத்தில், அதற்குள் அகப்பட்ட செடிகளை மட்டும் எண்ண வேண்டும்.

புறநகர் ஏரிக்கரை. குறுக்கே ஒரு வாய்க்கால். இந்தக் கரை அவனுக்கு, அந்தக் கரை ரூபனுக்கு. செடி வகை அதிகமுள்ள கரைக்குப் பாதுகாப்பு வேலி. மற்றதில் நடைபாதை.

கணக்கை எழுதுகிறவள் பௌசியா. எழுத எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே இருப்பாள்.

காலையிலிருந்து அந்தக் கரையில் இருக்கிறாள்.

அவன் வீசினான். கோரை.

மறுபடி வீசினான். கோரை.

மறுபடியும். கோரை, ஒரு காலிப் பால் பாக்கெட்.

ரூபன் வீசினால் வல்லாரை. பொடுதலை. ஆராக்கீரை. இரண்டு தலைகள் ஒரே சதுரத்தின் மேல் குனிந்திருந்தன. அவளுடைய துப்பட்டா நுனி ரூபனின் தோளில் கிடந்தது. அதை எடுக்க இருவருக்கும் அவசரமில்லை.

ரூபன் பார்த்துத்தான் வீசுகிறான். வேறு விளக்கமே கிடையாது.

ரூபனுக்கு ‘அரைக்கண்’ என்று பெயர் வைத்தது அவன்தான். இப்போது வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது. ரூபனும் திரும்பிப் பார்க்கிறான்.

“உன் கரைல நடைபாதையே போட்டுரலாம்டா,” பௌசியா அங்கிருந்து குரல் கொடுத்தாள். “கோரைய பாத்துக்கிட்டே வாக்கிங் போலாம்.”

ரூபன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

கடைசி வீச்சு.

சுற்றுவதற்கு முன் சும்மா ஒருமுறை கரையைப் பார்த்தான். கோரைக்கு நடுவே ஒரு நீர்முள்ளி. ஊதாப் பூ. கரை முழுவதற்கும் அது ஒன்றுதான்.

கண்ணை மூடினான். இரண்டையும்தான்.

பாதிச் சுற்றில் இடது இமை கொஞ்சம் விலகியது.

முதலில் தெரிந்தது நீர்முள்ளி இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் சுற்றிக்கொண்டிருந்த ரூபன்.

தலைக்கு ஊற்றிக்கொள்ளும் குழந்தையைப் போல இரண்டு கண்களையும் இறுக்கி மூடியிருந்தான் ரூபன். மூக்கு வரை சுருங்கியிருந்தது. தள்ளாடி, ஒரு காலைச் சேற்றில் விட்டு, எங்கோ ஒரு பக்கம் வீசினான்.

அவனுடைய இடது இமை மூடவில்லை.

மீதிச் சுற்று நிதானமாக முடிந்தது. சட்டம் கையை விட்டுப் போனது.

நட்டநடுவில் நீர்முள்ளி நின்றது.

“ஏய், உனக்கு என்னமோ மாட்டியிருக்கு.” செருப்பைக் கையில் பிடித்தபடி பௌசியா வாய்க்காலில் இறங்கினாள். தண்ணீர் சலசலத்தது. இந்தக் கரையை நோக்கி.

அவன் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டான். மூக்கையும் சுருக்கினான்.

“எங்க விழுந்துச்சு?” என்று கேட்டான்.